அனாமத்துக் கணக்கு

ராத்திரி மூன்று மணி. காசிமேட்டில் மீன் ஏலம் களைகட்டுகிற நேரம். கூடையோடு அங்கே நின்று விலை பேசவேண்டிய ஓர் அக்கா, திருவொற்றியூரில் தன்னுடைய ஒற்றை அறை வீட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். மார்கழி மாதம். ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறது. ஆனாலும் உச்சந்தலையிலிருந்து வியர்வை ஊற்றி, ஜாக்கெட் தொப்பலாக நனைந்துவிட்டது. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. அழுகை முட்டிக்கொண்டு வருகிறது. எதற்கு என்று கேட்டால் தெரியாது.

கஞ்சாவை விட்டு அன்றைக்கு ஐந்தாவது நாள்.

முகம் சுளிக்காதீர்கள். கஞ்சா என்றதும் நம் கண்ணில் யார் தெரிகிறார்கள்? பைக்கில் மூன்று பேராகப் போகிற பையன்கள். இல்லாவிட்டால் ஜடாமுடிச் சாமியார். 49 வயதில், நெற்றியில் விபூதியோடு மீன் விற்கிற ஓர் அம்மா நிச்சயமாகத் தெரியமாட்டார். ஏழெட்டு வருடமாக அவரிடம் மீன் வாங்கும் எனக்கே தெரியவில்லை. அவராகச் சொன்னபோதுதான் தெரிந்தது.

கணவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். உடம்பு வலிக்கு அவருக்கு அந்தப் பழக்கம் உண்டு. போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகிறது. மகன் துபாயில். மகளைக் கட்டிக்கொடுத்தது பெங்களூரில்.

"அவரு செத்தப்புறம் பரண்ல அவரோட பொட்டலம் ரெண்டு இருந்துச்சும்மா. தூக்கிப் போட மனசு வர்ல. ஒரு நா தூக்கமே வராம இழுத்துப் பாத்தேன். தூங்கிட்டேன். அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்று அவர் சொன்னாலும் கதை அதோடு முடியவில்லை. ரெண்டு பொட்டலம் தீர்ந்தது. மூன்றாவதை வாங்க ஆள் கிடைத்தான். தினம் ராத்திரி என்று ஆனது. பிறகு ஒருநாள், மகளுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயத்தில் விட்டார். ஐந்து நாள்தான். அந்த வியர்வையைப் பார்த்து மிரண்டு, ஆறாம் நாள் மறுபடி பற்றவைத்துவிட்டார்.

"அத்த வுட்டா ஒடம்பு பழி வாங்குதும்மா."

இங்கேதான் ஒரு சின்ன விஷயம் இடிக்கிறது. பேச்சோடு பேச்சாக அவர் இன்னொன்றும் சொன்னார். மாசாமாசம் வருவது தாறுமாறாகி, நின்று எட்டு மாதம் ஆகிறதாம். அப்படியானால் அந்த மார்கழி ராத்திரி வியர்வை யாருடையது? கஞ்சாவினுடையதா, மெனோபாஸினுடையதா?

வேடிக்கையான கேள்வி போலத் தெரியும். இல்லை. இதற்குப் பின்னால் நூறு வருடத்துக்கு மேலான சரித்திரம் இருக்கிறது.

*

பெண்ணின் வலிக்குக் கஞ்சா என்பது தெருமுனையில் பிறந்த யோசனை இல்லை. நம் சித்த மருத்துவத்தில் அதற்குக் கோரக்கர் மூலி என்றே ஒரு பெயர் உண்டு. மற்ற சரக்குகளோடு சேர்த்து, அளவு பார்த்துக் கொடுக்கிற மருந்து. வெள்ளைக்கார டாக்டர்கள் அதைக் கவனித்தது கல்கத்தாவில்.

வில்லியம் புரூக் ஓ'ஷாகனசி என்று ஓர் அயர்லாந்துக்காரர். 1833-ல் கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்கு வந்தவர். பிற்பாடு இந்தியாவில் தந்திக் கம்பி இழுத்தவரும் இவரேதான். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டே, கஞ்சாவை முதலில் விலங்குகளுக்கும் அப்புறம் நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். வாதம், காலரா, ரண ஜன்னி என்று ஒவ்வொன்றாக எழுதிவைத்து 1839-ல் வெளியிட்டார். லண்டனுக்குத் திரும்பியபோது சரக்கையும் கூடவே கொண்டுபோனார். அடுத்த ஐம்பது வருடம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் கஞ்சா டிங்க்சர் மருந்துக்கடை அலமாரியில் சாதுவாக உட்கார்ந்திருந்தது.

யாருக்கு எழுதிக் கொடுத்தார்கள்? தலைவலிக்கு, தூக்கமின்மைக்கு, முக்கியமாகப் பெண்களின் மாதாந்திர வலிக்கு. விக்டோரியா ராணியின் அரண்மனை மருத்துவர்களில் ஒருவரான ரஸ்ஸல் ரேனால்ட்ஸ் 1890-ல் 'லான்செட்' பத்திரிகையில், முப்பது வருட அனுபவத்தை வைத்து இதைப் பற்றி எழுதினார். அதிலிருந்து ஒரு கதை கிளம்பியது. ராணியே மாதவிலக்கு வலிக்குக் கஞ்சா சாப்பிட்டார் என்று! இன்றைக்கும் பலர் சத்தியம் செய்வார்கள். ஆதாரம் கிடையாது. தவிர, அந்தக் கட்டுரை வந்த வருடம் ராணிக்கு 71 வயது. என்ன மாதவிலக்கு?

ஆக, மருந்து இருந்தது. ஆனால் அளவு நிலையில்லை. ஒரு பாட்டிலில் இருந்த வீரியம் அடுத்த பாட்டிலில் இல்லை. ஊசி வந்தது, ஆஸ்பிரின் வந்தது. கஞ்சா மெல்ல அலமாரியின் பின்வரிசைக்குப் போய், 1942-ல் அமெரிக்க மருந்துப் பட்டியலிலிருந்தே வெளியேறியது.

*

சரி, நம்மூருக்கு வருவோம்.

1893. இந்தியாவில் கஞ்சா குடித்துப் பைத்தியம் பிடித்தவர்களால் மனநோய் விடுதிகள் நிரம்பி வழிகின்றன என்று லண்டன் பார்லிமென்ட்டில் ஒரே கூச்சல். உடனே அரசாங்கம் ஒரு கமிஷன் போட்டது. தலைவர் மாக்வொர்த் யங். அவரையும் சேர்த்து ஏழு பேர். நாலு வெள்ளைக்காரர்கள், மூன்று இந்தியர்கள். ஏழு பேரும் ஆண்கள் என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

சும்மா சொல்லக்கூடாது, வேலை பார்த்தார்கள். 1,193 சாட்சிகள். ஏழு தொகுதிகள். மூவாயிரம் பக்கங்களுக்கு மேல். சென்னை ராஜதானியையும் விடவில்லை. ஜவ்வாது மலைச் சாகுபடி வரைக்கும் குறித்துவைத்தார்கள். யார் குடிக்கிறார்கள் என்று பார்த்தபோது சாமியார்களைத் தவிர, பாரம் சுமப்பவர்கள், படகோட்டிகள், மீனவர்கள் என்று உடம்பை அடகு வைத்து உழைக்கிற கூட்டம் வரிசையாக வந்தது. ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் இருக்கிறவர்களுக்கு இது ஒன்றும் செய்தி இல்லை.

கமிஷன் செய்த உருப்படியான காரியம் வேறு. மனநோய் விடுதிகளின் பதிவேட்டைப் பிரித்துப் பார்த்தார்கள். பெயர், வயது, ஊர், எல்லாம் சரியாக இருந்தது. 'காரணம்' என்று ஒரு கட்டம். அங்கே 'கஞ்சா' என்று எழுதியிருந்தது. யார் எழுதியது? பெரும்பாலும், ஆளைக் கொண்டுவந்து விட்ட போலீஸ்காரர் சொன்னதை குமாஸ்தா எழுதியது! 1892-ம் வருடக் கணக்கில் இப்படிக் கஞ்சா தலையில் கட்டப்பட்டவை 222 கேஸ்கள். ஒவ்வொன்றாக விசாரித்துப் பார்த்ததில் 98-தான் தேறியது. அதிலும் வேறு காரணங்கள் கலந்தவை பல.

நான் பி.காம். படித்தவள். எங்கள் வாத்தியார் ஒன்று சொல்வார். ஐந்தொகை டேலி ஆகவில்லையா? வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போடு. தமிழில் படித்தவர்களுக்கு அனாமத்துக் கணக்கு. ஆனால் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதே. தப்பு எங்கே என்று தேடு. தேடாதவன் கணக்கன் இல்லை, கதாசிரியன்.

அந்தப் பதிவேடுகளில் கஞ்சா என்பது ஓர் அனாமத்துக் கணக்கு. காரணம் தெரியவில்லையா, அங்கே தள்ளு.

இப்போது இதே காலகட்டத்தில் இங்கிலாந்தின் மனநோய் விடுதிகளைப் பாருங்கள். அங்கே பெண்களுக்கென்றே ஓர் அனாமத்துக் கணக்கு வைத்திருந்தார்கள். 'சேஞ்ச் ஆஃப் லைஃப்'. அதாவது, மாதவிடாய் நிற்கிற வயது. நாற்பத்தைந்து, ஐம்பது வயதுப் பெண் அழுதாளா, தூங்கவில்லையா, புருஷனிடம் எரிந்து விழுந்தாளா? காரணம் அதுதான். அதற்கென்று தனியாக ஒரு பைத்தியப் பெயரே சூட்டியிருந்தார்கள். அவள் பிள்ளையைப் பறிகொடுத்தவளா, பேச ஆளில்லாதவளா என்று கேட்க அந்தக் கட்டத்தில் இடமில்லை.

நம் திருவொற்றியூர் அக்காவின் சங்கடம் புரிகிறதா? அவர் இரண்டு அனாமத்துக் கணக்கிலும் ஒரே சமயத்தில் விழுகிறவர். போலீஸ் பார்த்தால் கஞ்சா கேஸ். அக்கம்பக்கம் பார்த்தால், "அந்த வயசு, அப்படித்தான்."

*

'மெனோபாஸ்' என்ற சொல்லுக்கே வயது 200 சொச்சம்தான். 1821-ல் தே கார்டான் என்ற பிரெஞ்சு டாக்டர் வைத்த பெயர். பெயர் வைத்த பிறகு என்ன செய்தார்கள் என்பது இன்னும் சுவாரசியம்.

1875-ல் அமெரிக்காவில் லிடியா பிங்க்ஹாம் என்ற அம்மாள் ஒரு மூலிகை டானிக் விற்றார். பெண்களின் சகல கோளாறுகளுக்கும், முக்கியமாக அந்த வயதுக்கு. அமோக விற்பனை. உள்ளே சுமார் 18 சதவிகிதம் ஆல்கஹால்! மதுவிலக்குக்குக் கொடி பிடித்த அம்மாக்கள் நல்ல மனசோடு ஸ்பூன் ஸ்பூனாகக் குடித்தார்கள். அதே அமெரிக்காவில், அந்த நூற்றாண்டின் ஓபியம் அடிமைகளில் பெண்களே அதிகம். கொடுத்துப் பழக்கியது பெரும்பாலும் டாக்டர்களின் சீட்டு.

1963-ல் வேலியம் வந்தது. வீட்டில் தனியாக இருக்கும் நடுவயதுப் பெண்களுக்கு வாரி வழங்கினார்கள். பெரிய சண்டை போட்டு அதை நிறுத்தவேண்டி வந்தது. இன்னொரு பக்கம் ஹார்மோன் மாத்திரை. 1966-ல் ராபர்ட் வில்சன் என்ற டாக்டர், மாத்திரை சாப்பிட்டால் என்றென்றும் பெண்ணாக இருக்கலாம் என்று புத்தகமே எழுதினார். 2002 ஜூலையில், 16,608 பெண்களை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய் அபாயம் கூடுகிறது என்றார்கள். உலகம் முழுக்கப் பெண்கள் பயந்துபோய் மாத்திரையைக் குப்பையில் போட்டார்கள். பிற்பாடு நிதானமாக அலசிப் பார்த்ததில், அறுபதைத் தாண்டாத, மாதவிடாய் நின்று பத்து வருடம் ஆகாத, வேறு சிக்கல் இல்லாத பெண்களுக்கு டாக்டர் பார்த்துக் கொடுத்தால் நன்மையே அதிகம் என்று தெரிந்தது. முதலில் அளவுக்கு மீறிய ஆசை, அப்புறம் அளவுக்கு மீறிய பயம்.

டானிக், ஓபியம், வேலியம். இந்த வரிசையைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். நடுவயதில் ஒருத்தி தூங்காமல் தவித்தால், அவள் வாயை மூடித் தூங்கவைக்க ஒவ்வொரு காலத்திலும் ஏதோ ஒரு சரக்கு கிடைத்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஆள் கிடைத்ததா என்றால், ரொம்பக் குறைவு.

பரண் மேல் இருந்த பொட்டலமும் அந்த வரிசையில் ஒன்றுதான்.

*

இனி, அந்த ராத்திரி வியர்வையின் கணக்கைத் தீர்ப்போம்.

கஞ்சாவின் போதைச் சரக்கு டி.ஹெச்.சி. 1964-ல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலம் குழுவினர் பிரித்தெடுத்தார்கள். அது மூளையில் போய் உட்காருவதற்கென்றே ஏற்பிகள் இருப்பது அப்புறம் தெரிந்தது. ஏன் இருக்கவேண்டும்? நம் உடம்பே அந்த மாதிரி ஒரு பொருளைத் தயாரிக்கிறது என்று 1992-ல் கண்டுபிடித்தார்கள். 'ஆனந்தமைட்' என்று பெயர் வைத்தார்கள். ஆமாம், நம்முடைய ஆனந்தம்தான்.

தினமும் வெளியிலிருந்து சரக்கு வந்தால் என்ன ஆகும்? மூளை, "எதற்கு இத்தனை கவுன்ட்டர்?" என்று ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. திடீரென்று விட்டால், மூடிய கவுன்ட்டர்கள் திறக்கும்வரை திண்டாட்டம். எரிச்சல், பதற்றம், பசியின்மை, தூக்கமின்மை, தலைவலி, வியர்வை. தூங்கினாலும் விபரீதமான கனவுகள். விட்ட ஒன்றிலிருந்து மூன்று நாளில் ஆரம்பித்து, முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டு மூன்று வாரங்களில் பெரும்பாலும் அடங்கும். தூக்கம் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் இழுக்கலாம். 2013-லிருந்து மனநல மருத்துவர்களின் கையேட்டில் இது முறைப்படி இடம்பெற்றிருக்கிறது. "கஞ்சாவை விட்டால் ஒன்றும் ஆகாது, அது செடிதானே" என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

மெனோபாஸ் வேறு கதை. ஈஸ்ட்ரோஜென் குறையும்போது, உடம்பின் சூட்டைக் கவனிக்கிற மூளைப் பகுதி ரொம்பத் தொட்டாற்சிணுங்கி ஆகிவிடுகிறது. லேசாகச் சூடு ஏறினாலும் தீப்பிடித்த மாதிரி வியர்வையைத் திறந்துவிடும். கூடவே படபடப்பு, எரிச்சல், தூக்கமின்மை. அமெரிக்காவில் பெண்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், பாதிப் பேருக்கு இது ஏழு வருடங்களுக்கு மேல் நீடித்தது என்று 2015-ல் சொன்னார்கள்.

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கிட்டத்தட்ட ஒரே பட்டியல்! ஒன்று சில வாரத்தில் அடைகிற கைமாற்று. இன்னொன்று வருடக் கணக்கில் தவணை கட்டவேண்டிய கடன். இது தெரியாத பெண், தவணைக் கடனைப் பார்த்துவிட்டு, "கைமாற்று இன்னும் தீரவில்லையே" என்று மறுபடி கைமாற்று வாங்குகிறாள். கஞ்சா மெனோபாஸைக் குணப்படுத்தும் என்பதற்கு இன்றுவரை உருப்படியான நிரூபணம் இல்லை. தூங்கவைக்கிறதே என்பீர்கள். பழகிய பிறகு, விட்டால் தூக்கம் வராது என்ற பயம்தான் அதில் பாதி.

அக்கா ஏன் இதை எந்த டாக்டரிடமும் கேட்கவில்லை? பயம். அந்தப் பயத்துக்கும் சரித்திரம் உண்டு. கமிஷன் 1894-ல் கொடுத்த ரிப்போர்ட் தடை வேண்டாம், கட்டுப்பாடும் வரியும் போதும் என்றது. அதனால் லைசென்ஸ் கடைகள் நடந்தன. 1961-ல் ஐ.நா. ஒப்பந்தம் வந்தது. இந்தியா அவகாசம் வாங்கிக்கொண்டு, 1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இலை தப்பித்தது, அதனால் வடக்கே பாங்கு பிழைத்தது. பூவும் பிசினும் குற்றமாயின.

ஆனால் அதே சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவு இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பழக்கத்துக்கு ஆளானவர், உபயோகித்ததற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் மாட்டினாலும், தானாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சையை முழுசாக எடுத்துக்கொண்டால் அந்த வழக்கிலிருந்து விலக்கு உண்டு. டாக்டரிடம் போவது போலீஸிடம் போவது அல்ல.

*

கடைசியாக, மூன்றாவது கணக்கு. தனிமை.

உலக சுகாதார நிறுவனம் 2025-ல் வெளியிட்ட அறிக்கை, உலகத்தில் ஆறு பேரில் ஒருவர் தனிமையில் வாடுவதாகச் சொல்கிறது. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் தனிமையா, வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டித்தானே இருக்கிறது என்று கேட்கலாம். அக்கா ஒரே வரியில் சொன்னார். "மீன் விக்கிற வரைக்கும் ஊரே என்னாண்ட பேசும். ஏழு மணிக்கு மேல இன்னா அக்கான்னு கேக்க ஆள் கிடையாதும்மா."

சென்னையில் இந்தத் துறையின் கதையே ஒரு பெண்ணின் தனிமையில்தான் தொடங்குகிறது. சாந்தி ரங்கநாதன். கணவர் குடிப்பழக்கத்தால் 1979-ல் இறந்தார். பணத்துக்குப் பஞ்சமில்லாத டி.டி.கே. குடும்பம். ஆனால் சிகிச்சைக்கு அப்போது இங்கே இடமே இல்லை. துக்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காமல், 1980-ல் கணவர் பெயரிலேயே குடி, போதை மறுவாழ்வு மையம் தொடங்கினார். 1992-ல் பத்மஸ்ரீ. 1999-ல் ஐ.நா.வின் வியன்னா விருது. அந்த மையத்தில் முதலிலிருந்தே வலியுறுத்திய விஷயம், நோயாளியை மட்டுமல்ல, குடும்பத்தையும் உட்காரவைத்துப் பேசுவது. விடுவது தனி ஆள் செய்கிற காரியம் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

திருவொற்றியூரில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. ஒரே நாளில் எல்லாவற்றையும் உதறிவிட்டு நடந்தவர் என்று சொல்வார்கள். நமக்கெல்லாம் அது வராது. நமக்கு ஆள் வேண்டும்.

அக்காவிடம் நான் சொன்னது பெரிய வைத்தியம் எதுவும் இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தேன். விட்ட தேதியை முதல் பக்கத்தில் எழுதச் சொன்னேன். தினமும் வியர்வை எத்தனை தடவை, தூக்கம் எத்தனை மணி, யாரிடம் பேசினீர்கள் என்று மூன்று பத்தி. பிறகு மகளுக்கு போன் செய்து உண்மையைச் சொல்லச் சொன்னேன். அதற்குத்தான் அவருக்கு மூன்று வாரம் ஆனது. மகள் அழுதாள், திட்டினாள், அடுத்த சனிக்கிழமை ரயிலேறி வந்தாள். இரண்டு பேருமாக அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மாவிடம் இரண்டு விஷயத்தையும் சேர்த்தே சொன்னார்கள். கஞ்சாவை மறைத்து வியர்வையை மட்டும் சொன்னாலும் தப்பு. வியர்வையை மறைத்துக் கஞ்சாவை மட்டும் சொன்னாலும் தப்பு.

வடசென்னைப் பெண்களுக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். என்றால் பிரசவ ஆஸ்பத்திரி. பிள்ளை பெற்ற பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. ஐம்பது வயதிலும் போகலாம். மகளிர் நோய்களுக்கும் அங்கே டாக்டர்கள் இருக்கிறார்கள். பழக்கத்துக்கும் மனசுக்கும் ஸ்டான்லியில் மனநலப் பிரிவு இருக்கிறது. போன் போதும் என்றால், போதைப் பழக்கத்துக்கு 14446. மனசு தாங்கவில்லை என்றால் 14416. இரண்டும் காசில்லாத எண்கள். ஒரு வருடம் நின்றுபோன பிறகு மறுபடி ரத்தம் பட்டால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

அக்கா நடுவில் ஒருமுறை வழுக்கினார். நோட்டில் அதையும் எழுதியிருந்தார், சின்ன எழுத்தில். மறுபடி முதல் பக்கத்தில் புதுத் தேதி. இப்போது ஏலத்துக்குப் பக்கத்துத் தெரு அம்மாக்கள் இரண்டு பேரோடு ஷேர் ஆட்டோவில் போகிறார். இரண்டரை மணிக்கே வந்து கதவைத் தட்டுகிறார்களாம்.

போன வாரம் மீன் வாங்கப் போனபோது மெதுவாகக் கேட்டேன். "இன்னும் வேர்க்குதாக்கா?"

"வேர்க்குது. ஆனா அந்த வேர்வை நின்னு ரெண்டு மாசம் ஆச்சும்மா. இது வேற. இது இன்னான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சப்புறம் இன்னா பயம்? சங்கரா நல்லாருக்கு, அரைக் கிலோ போடட்டா?"

கணக்கு டேலி ஆனது. நான் முக்கால் கிலோ வாங்கினேன்.